எல்லாரும் சாப்பிடல

போன ஞாயிறு நண்பன் அறையில் டிஸ்க்ரீட் மேத்ஸில் லாஜிக் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் விருந்தாளிகள். அம்மா போனில், "எல்லாரும் சாப்பிடலடா, பரோட்டா வாங்கிட்டு வா" என்றார். 12 பரோட்டாவோடு போய் நின்றால், சாப்பிடாதவர் பெரியப்பா ஒருத்தர்தான்!

அன்று படித்த பாடமே இதுதான். "______ சாப்பிட்டாச்சு" என்று கோடிட்டு விட்டால் அது மெய்யுமில்லை, பொய்யுமில்லை. அத்தை பெயரைப் போட்டால் மெய், பெரியப்பா பெயரைப் போட்டால் பொய். அதுதான் புரொபோசிஷனல் ஃபங்ஷன். பெயர் போடாமல் 'எல்லாரும்', 'ஒருத்தராவது' என்று போட்டாலும் மெய்யா பொய்யா என்று சொல்லக்கூடிய கூற்றாகிவிடும். இவைதான் குவான்டிஃபயர்.

சிக்கல் 'இல்லை'யில். "எல்லாரும் சாப்பிட்டாங்க" என்பதை மறுத்தால் ஒருத்தராவது பட்டினி, அவ்வளவே. ஒவ்வொருத்தரும் பட்டினி என்பது வேறு. அம்மா சொன்னது முன்னது, என் காதில் விழுந்தது பின்னது. நம் மொழியில் மறுப்பு வினையின் வாலில் ஒட்டிக்கொள்வதால் ஒரே வாக்கியம் இரண்டுக்கும் பொருந்துகிறது.

1879இல் ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃப்ரெகெ குவான்டிஃபயருக்கென்று குறியீடே உண்டாக்கினார். 'எல்லாரும்' என்பதற்கு இன்று எழுதும் தலைகீழ் ஆங்கில 'A' (∀) 1935இல் இன்னொரு ஜெர்மன் தர்க்கவியலாளர் கென்ட்சன் கொண்டுவந்தது. தமிழில் 'யார்' என்பதோடு 'உம்' அல்லது 'ஓ' ஒட்டினாலே போதும்: 'யாரும் வரலாம்', 'யாரோ வந்தாங்க'. இதைக் கவனிக்க எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

பெரியப்பா இரண்டோடு நிறுத்திக்கொண்டார். மிச்சம் பத்தும் காலையில் கொத்து பரோட்டா.