மண்தடத்தின் கடைசிப் பருவங்கள்

கார்ப் பந்தயத்துக்கான ஒரு மண்தடத்தில் பல பருவங்கள் தளப் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். அது மூடப்பட்டதற்குப் பலரும் சொல்லும் காரணத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. சுற்றிலும் வீடுகள் வந்தன, சத்தத்தைப் பற்றிப் புகார்கள் எழுந்தன, நிலத்தின் மதிப்பு ஏறியது, உரிமையாளர் விற்றுவிட்டார் என்கிறார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முதல் புகார் வருவதற்கு வெகுகாலம் முன்பே தடம் நலியத் தொடங்கிவிட்டது. அந்த நலிவை முதலில் காட்டியது மண்தான்.

தார்த் தளத்தை ஒருமுறை போட்டால் பல ஆண்டுகள் தாங்கும். மண்தளத்தையோ ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதிதாக உருவாக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்கள் முன்பே களிமண்ணைக் கீறிக் கிளறி, தண்ணீர் லாரியால் சிறிது சிறிதாக நனைத்து, நீர் அடிவரை இறங்க நேரம் கொடுத்து, மீண்டும் நனைத்து, கிரேடரால் சமப்படுத்தி, ரோலரால் இறுக்கி, கடைசியில் கார்களையே மெதுவாகச் சுற்றவிட்டு மேற்பரப்பைக் கெட்டிப்படுத்துவோம். பந்தயத்தன்று மட்டும் அவசரமாகத் தண்ணீர் அடித்தால் மேலே சேறும் கீழே வறண்ட மண்ணுமாக இருக்கும். அந்தச் சேற்றை டயர்கள் சில சுற்றுகளிலேயே வாரி எறிந்துவிடும். பதம் பார்க்க எங்களிடம் கருவி எதுவும் இருந்ததில்லை. வளைவின் நடுவில் நின்று குதிகாலை அழுத்துவோம். அதன் வடிவம் பதிந்து, ஓரம் வெடிக்காமல், காலணியில் மண் ஒட்டாமல் வந்தால் சரி. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து இறுக்கி, கட்டைவிரலால் அழுத்தினால், அது பொடியாக உதிராமல் இரண்டாகப் பிளக்க வேண்டும். காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ப இந்தக் கணக்கு நாளுக்கு நாள் மாறும். எங்கள் கிரேடர் ஓட்டுநருக்கு அது கைவந்த கலை. அவரிடம்தான் நான் இந்த வேலையைக் கற்றேன்.

வருமானம் சற்றுக் குறைந்த ஒரு பருவத்தில் நிர்வாகம் செலவைச் சுருக்க முடிவு செய்தது. ஆம்புலன்ஸையோ காப்பீட்டையோ விளக்குகளையோ தொட முடியாது. தண்ணீரைக் குறைத்தால் மட்டும் பார்வையாளர் கண்ணுக்கு உடனே தெரியாது என்பதால், மூன்று நாள் நனைப்பு ஒரு நாளானது. அடுத்துப் புதிய களிமண் கொண்டுவந்து கொட்டுவது நின்றது. இதன் விளைவு எவ்வளவு ஆழமானது என்பதை அலுவலக அறையில் இருந்தவர்களுக்கு எங்களால் புரியவைக்க முடியவில்லை. வெளிவிளிம்பில் குவியும் மண்ணைக் கிரேடரால் உள்ளே இழுத்துப் பரப்பலாம். தூசியாகப் பறந்ததை மீட்க வழியே இல்லை. பறப்பது மிக நுண்ணிய துகள், அதாவது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் களித்துகள். அது போனபின் எஞ்சும் மணற்பாங்கான மண் இன்னும் வேகமாகக் காயும், காயக் காய இன்னும் தூசி எழும். காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் கால்சியம் குளோரைடைத் தூவிப் பார்த்தோம். அது தூசியை ஓரளவு அடக்கியது. இழந்த களிமண்ணுக்கு அது ஈடாகவில்லை.

ஈரப்பதம் சரியாக உள்ள தடத்தில் உள்விளிம்பை ஒட்டி ஒருவரும், வெளிச்சுவர் அருகே குவிந்த மண்ணில் பின்சக்கரங்களைச் சறுக்கவிட்டு மற்றொருவரும் ஒரே வேகத்தில் வளைவைக் கடப்பார்கள். மண்தடப் பந்தயத்தின் அழகே அதுதான். தடம் காய்ந்தால் டயர் ரப்பர் படிந்து, கறுத்துப் பளபளக்கும் ஒரே ஒரு குறுகிய பாதை உருவாகும். அதைவிட்டு விலகுபவர் பின்தங்குவார் என்பதால் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக ஓட்டுவார்கள். முதலில் கிளம்பியவரே முதலில் வந்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பார்வையாளர்கள் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள், டயருக்கும் என்ஜினுக்கும் சொந்தப் பணத்தைக் கொட்டும் ஓட்டுநர்கள் வேறு தடங்களைத் தேடினார்கள். மண்தடத்துக்கு வருமானம் பார்வையாளர் நுழைவாயிலில் மட்டும் வருவதில்லை. ஓட்டுநர்களும் அவர்களுடைய மெக்கானிக்குகளும் குடும்பத்தாரும் கட்டும் கட்டணமும் அதற்கு இணையான தூண். கார்கள் குறைந்ததும் நிர்வாகம், கார் வகைக்கு ஏற்பத் தனித்தனியாக ஓடும் புதிய பந்தயப் பிரிவுகளைச் சேர்த்தது. இருந்த கார்களே மேலும் சிதறி, ஒரு பிரிவுக்கு ஏழெட்டு வண்டிகள் என்றாகி, நிகழ்ச்சி நள்ளிரவு தாண்டியும் நீண்டது. முக்கியப் பந்தயம் தொடங்கும்போது இருக்கைகளில் பாதி காலியாக இருக்கும்.

புகார்கள் வந்தது இதற்குப் பிறகுதான். 'தடம் முதலில் இருந்தது, வீடு பிறகுதானே வந்தது' என்று எங்கள் தரப்பில் பலரும் நம்பிக்கையோடு பேசினார்கள். சட்டம் அவ்வளவு எளிதல்ல. இங்கிலாந்தின் மில்டன்ஹால் அருகே 1970களிலிருந்து பந்தயம் நடந்துவந்த அரங்கத்தின் சத்தத்துக்கு எதிராக, 2006ல் அருகில் வீடு வாங்கியவர்கள் தொடுத்த வழக்கில், தொல்லை இருக்கும் இடத்துக்கு அவர்களாகவே வந்தார்கள் என்பது தற்காப்பு வாதமாகாது என்று 2014ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. நிலத்தின் அழுத்தமும் உண்மையானதே. கலிபோர்னியாவில் பெரும்புகழ் பெற்றிருந்த ஆஸ்காட் பார்க் மண்தடம் 1990 நவம்பரில் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. அரிசோனாவின் மான்சனிட்டா தடம் 2009ல் மூடப்பட்டது. பென்சில்வேனியாவின் லாங்ஹார்ன் 1926ல் மண்தடமாகத் தொடங்கி, 1965ல் தார் போடப்பட்டு, 1971ல் மறைந்தது. ஆனாலும் 1954ல் ஓஹியோவில் ஏர்ல் பால்டஸ் அமைத்த எல்டோரா இன்றும் நடக்கிறது. அவர் அதை 2004ல் விற்றது டோனி ஸ்டூவர்ட் என்ற பந்தய ஓட்டுநருக்கு. மண்ணின் அருமை தெரிந்தவர் கைக்குத் தடம் போவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் உரிமையாளருக்கு அப்படி ஒரு வாரிசு அமையவில்லை. நிரம்பிய இருக்கைகள் இருந்திருந்தால் புகார்களை எதிர்கொள்ளத் துணையாக ஓர் ஊரே நின்றிருக்கும். காலி இருக்கைகளோடு பேச்சுவார்த்தைக்குப் போனவரிடம் நிலத்தை விற்பதைத் தவிர வேறு வழி எஞ்சியிருக்கவில்லை.

மூடியபின் வசதியுள்ள ஓட்டுநர்கள் தொலைவில் உள்ள தடங்களுக்குப் போனார்கள். தொடக்கநிலைப் பிரிவில் பழைய கார்களை ஓட்டிப் பழகிய இளைஞர்கள் பெரும்பாலும் வண்டியை விற்றுவிட்டார்கள். எனக்கு அதிக வருத்தம் அவர்களைப் பற்றித்தான். கிரேடர் ஓட்டுநர் சாலைப் பணிக்குச் சென்றுவிட்டார். நான் இப்போது வேறொரு மண்தடத்தில் அதே வேலையைப் பார்க்கிறேன். அங்கும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் செலவுப் பட்டியலில் முதலில் குறைக்கப் பார்ப்பது தண்ணீர் லாரியைத்தான். இந்த முறை கூட்டத்துக்கு இரண்டு பிடி மண்ணை எடுத்துச் சென்று, மூன்று நாள் நனைத்ததையும் ஒரு நாள் நனைத்ததையும் மேசைமீது அருகருகே வைத்துப் பேசினேன். இந்தப் பருவத்துக்கு லாரி முழுமையாக ஓட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். புதிய களிமண்ணைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை.