கிராஃபீன் சவ்வு: துளை போடும் முன் கிழிசலைப் பாருங்கள்

ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீனில் வாயுவைப் பிரிக்கும் சவ்வு என்றதும் "துளை எப்படிப் போடுவது?" என்றுதான் கேட்கிறார்கள். அது இரண்டாவது வேலை. பழுதில்லாத கிராஃபீன் ஹீலியத்தைக்கூட விடாது. நாம் கையாளும்போது விழும் கிழிசலோ எல்லாவற்றையும் விட்டுவிடும்.

மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிப்பதாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை வெப்பநிலையில் திறந்த ஓட்டை வழியே ஹைட்ரஜன் ஏறக்குறைய 53 கோடி ஜிபியூ பாயும் (கணினிக்குள் இருக்கும் ஜிபியூ இல்லை, ஊடுருவலை அளக்கும் அலகு). மீத்தேன் 19 கோடி. பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கிழிந்தாலே 530, 190 ஜிபியூ கூடிவிடும். நல்ல துளைகள் ஹைட்ரஜனை 1000, மீத்தேனை 10 ஜிபியூ விட்டாலும், 100 ஆக இருக்கவேண்டிய விகிதம் 8க்குக் கீழே இறங்கிவிடும்.

கிழிவது பெரும்பாலும் இடம் மாற்றும்போது. 25 மைக்ரான் செப்புத் தாளில் சுமார் 1000 டிகிரி செல்சியஸில் வளர்த்த கிராஃபீன் மேல் பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக்கைத் தாங்கலாகப் பூசி, அம்மோனியம் பெர்சல்பேட் கரைசலில் மிதக்கவிட்டுச் செம்பைக் கரைப்பது வழக்கம். தாளின் பின்பக்கமும் கிராஃபீன் வளர்ந்திருக்கும். அதை முதலில் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னேற்றிய ஆக்சிஜன் வாயு) நீக்காவிட்டால் துணுக்குகள் அடியில் ஒட்டிக்கொள்ளும். ஃபெரிக் குளோரைடிலும் செம்பு கரையும், ஆனால் இரும்புத் துகள் மிஞ்சும். கடைசியில் பிஎம்எம்ஏவை அசிட்டோனில் கழுவி உலர்த்தும்போது, சவ்வை ஏந்தும் ஓட்டையுள்ள தாங்கியின் மேல் தொங்கும் படலத்தைத் திரவத்தின் பரப்பு இழுவிசை கிழித்துவிடும். 2018இல் சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு இதற்கு எளிய வழி கண்டது: கிராஃபீன் மேல் நுண்துளைக் கார்பன் படலம் ஒன்றை உருவாக்கி, அதை எடுக்காமலே விட்டுவிட்டார்கள். 1 சதுர மில்லிமீட்டர் விரிசலின்றி நின்றது.

அப்புறம்தான் துளை. 2012இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செய்ததுபோல் புற ஊதா ஒளியும் ஓசோனும் போதும். சிக்கல் என்னவென்றால், புதுத் துளை பிறக்கும்போதே பழையது பெருத்துக்கொண்டிருக்கும். மூலக்கூறின் அகலம் ஹைட்ரஜனுக்கு 2.89 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), மீத்தேனுக்கு 3.8, ஓரிரு கார்பன் அணு கூடுதலாகப் போனாலே வேறுபாடு தொலைந்தது.

சோதனைக்குச் சவ்வைச் சூடாக்குங்கள். கிழிசல் வழி ஓட்டம் வெப்பத்தில் சற்றுக் குறையும். அணு அளவுத் துளை வழி ஓட்டம் கூடும். ஆனால் முதல் சூடேற்றலை நம்பவேண்டாம்: துளையை அடைத்திருந்த பிசுக்கு விலகுவதாலும் ஓட்டம் கூடும். ஆறவிட்டு மறுபடி ஏற்றும்போது வருவதே கணக்கு. ஹைட்ரஜன்-மீத்தேன் விகிதம் திறந்த ஓட்டைக்குரிய 2.8ஐ (53க்கு 19) ஒட்டியே நின்றால் கிழிசல்தான். 1ஐ நெருங்கினால் பெரிய கிழிசல், இல்லையேல் சீல் கசிகிறது. வாயுக்களை நிறையால் பிரித்தறியும் நிறை நிறமாலைமானியில் மீத்தேனை நிறை 16இல் பார்க்காதீர்கள், நீராவியிலிருந்து வரும் ஆக்சிஜனும் அங்கேதான் விழும். 15இல் பாருங்கள்.