ஆறு கையெழுத்தும் மூன்று செண்ட் நிலமும்

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. கிழக்கு இங்கிலாந்தில் முந்நூற்றுச் சொச்சம் வீடுகள் உள்ள கிராமம் இது. நான் நர்ஸ். ஆஸ்பத்திரி இருக்கும் டவுனில் வாடகை கட்டுப்படியாகாமல் 2019இல் இங்கே குடிவந்தோம். இரண்டு வருடம் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுதான் பஸ் ஏறினேன். ஒருநாள்கூட அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்ததில்லை. 2021 செப்டம்பரில் ஒரு நாள் பஸ் வர நேரமானபோதுதான் படித்தேன். 'பாரிஷ் கவுன்சில் கூட்டம், செவ்வாய் மாலை 7.30, வில்லேஜ் ஹால். பொதுமக்கள் வரலாம்.' கீழே கூட்டத்தில் பேசவிருக்கும் பதினான்கு பொருள்கள் வரிசையாக எண் போட்டு இருந்தன. எட்டாவது, விளையாட்டுத் திடல் ஊஞ்சலின் சங்கிலி மாற்றுவது.

பாரிஷ் என்றதும் சர்ச் விவகாரம் என்று நினைத்திருந்தேன். நம் ஊரில் பங்கு, பங்குத்தந்தை என்கிறோமே, அந்தப் பங்கு. பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் 1894ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் நிர்வாகத்தை சர்ச்சிலிருந்து பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திடம் கொடுத்துவிட்டது. இன்று இங்கிலாந்து முழுக்க பத்தாயிரம் அளவில் இப்படிப்பட்ட மன்றங்கள் இருக்கின்றன. நம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. சரியாக நூறு வருட இடைவெளி. அப்பாவிடம் போனில் இதைச் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் எங்கள் ஊர் ஊராட்சியில் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தவர்.

எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் மண். எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்கச் சிமெண்ட் பலகை பாவியது, வெயில் விழாது. அதுவும் கொரோனா காலத்தில் வார்டில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்தால், மண்ணில் கை வைக்க மாட்டோமா என்று இருக்கும். இந்த நாட்டில் அதற்கு அலாட்மென்ட் என்று ஓர் ஏற்பாடு உண்டு. பொது நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வீட்டுக்குக் காய்கறி போட்டுக்கொள்ளக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பார்கள். பக்கத்து டவுனில் கேட்டேன். அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் என்றார்கள், அதற்கே வருடக்கணக்கில் வரிசை. எங்கள் கிராமத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை போனேன். நீள மேசையைச் சுற்றி ஏழு உறுப்பினர்கள், மடிக்கணினியோடு கிளார்க். பொதுமக்கள் நாற்காலியில் நானும் இன்னும் இரண்டு பேரும். உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. கிளார்க் மட்டும் சம்பளத்துக்கு இருப்பவர், வாரத்துக்குச் சில மணி நேர வேலை. நம் ஊராட்சிச் செயலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு, கடிதம், சட்டம் எல்லாம் அவர் தலையில்தான். பொதுமக்கள் பேசப் பதினைந்து நிமிடம், ஆளுக்கு மூன்று நிமிடம். எழுந்து நின்று, நமக்கும் அலாட்மென்ட் வேண்டும் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. சேர்மன் கவனமாகக் கேட்டார், நன்றி என்றார், அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். ஊஞ்சல் சங்கிலிக்கு இருபது நிமிடம் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. நிறம் பார்த்துத்தான் இப்படியோ என்றுகூட அன்றைக்கு மனசுக்குள் ஓடியது, மறைக்க விரும்பவில்லை.

கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது கிளார்க் அம்மா என்னிடம் வந்தார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத எதைப் பற்றியும் கவுன்சில் முடிவெடுக்கச் சட்டம் விடாது, எடுத்தால் செல்லாது என்றார். ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக மூன்று முழு நாட்களுக்கு முன்னால் நிரலைப் பலகையில் ஒட்டியாக வேண்டும். ஊரில் யாருக்கும் தெரியாமல் ஊர்க் காரியம் முடிவாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. பிறகு அவர் சொன்ன வாக்கியம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. "வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். ஆறு பேராகக் கேளுங்கள்."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1908ஆம் ஆண்டுச் சிறுநிலங்கள், அலாட்மென்ட்கள் சட்டம், பிரிவு 23. ஊரில் வாக்குரிமை உள்ளவர்களோ கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரி கட்டுபவர்களோ ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், கவுன்சில் அதைப் பரிசீலித்தே தீர வேண்டும். ஊரில் உண்மையாகவே தேவை இருக்கிறது என்று அவர்களுக்குப் பட்டால், நிலம் ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை. சலுகை என்று சொல்லவில்லை, கடமை. நூறு வருடத்துக்கு முன்னால், நிலம் இல்லாத கூலிக்காரன் வீட்டுக்கு உருளைக்கிழங்கு போட்டுக்கொள்ள இடம் வேண்டும் என்று எழுதிய சட்டம், நாகை மாவட்டத்திலிருந்து வந்த எனக்கும் செல்லுகிறது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு விஷயம் நம்மவர்களுக்காக. என்னுடையது இந்தியப் பாஸ்போர்ட். இங்கே சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு வாக்குரிமை உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா எல்லாம் அதில் அடக்கம். நிரந்தர வசிப்பு அனுமதி இருந்தால் பாரிஷ் கவுன்சிலுக்குப் போட்டியிடவும் முடியும். வாக்காளர் பட்டியலில் பெயரே சேர்க்காமல் பத்து வருடம் இங்கே இருப்பவர்களை எனக்குத் தெரியும். முதலில் அதைச் செய்யுங்கள்.

கையெழுத்து வாங்கப் போனதுதான் இந்த ஊருக்கு நான் உண்மையாகக் குடிவந்த நாள் என்று சொல்வேன். அதுவரை எதிர்வீட்டுக்காரர்களோடுகூட மழையைப் பற்றி மட்டும் பேசியிருந்தேன். அந்த வயதான தம்பதி உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்து, முதல் கையெழுத்தும் போட்டார்கள். நான் ஏறும் பஸ்ஸின் டிரைவர் இதே ஊர்க்காரர் என்பது அன்றுதான் தெரிந்தது. தெருக்கோடியில் ஒரு போலந்துக் குடும்பம். எங்களுக்கு உரிமை உண்டா என்று தயங்கினார்கள். கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறீர்களே, போதும் என்றேன். ஒரு வீட்டில் மட்டும், கார்கள் வந்து தெருவை அடைக்கும் என்று கதவைச் சாத்தினார்கள். ஆறு போதும். ஆனாலும் யாராவது பின்வாங்கினால் என்ன செய்வது என்று பதினொன்று வாங்கினேன்.

"மனு கொடுத்தியாம்மா? சரி, ரசீது வாங்கினியா?" இதுதான் அப்பா கேட்ட முதல் கேள்வி. கிளார்க்குக்கு மின்னஞ்சலில் அனுப்பி, 'கிடைத்தது, நவம்பர் கூட்டத்தில் வைக்கப்படும்' என்ற பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். அது பின்னால் உதவியது. வசந்தகாலத்தில் ஓர் உறுப்பினர், இந்தக் கோரிக்கை எப்போது வந்தது என்றே நினைவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றபோது அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டினேன்.

நவம்பரில் பொருளாக வந்தது. ஊர்ச் செய்திமடலோடு ஒரு படிவம் வீடு வீடாகப் போட முடிவானது. இருபத்திமூன்று வீட்டுக்காரர்கள் தங்களுக்கு அலாட்மென்ட் வேண்டும் என்று பதில் எழுதினார்கள். தேவை நிரூபணமாகிவிட்டது. இனி நிலம்.

கவுன்சிலுக்கென்று இருப்பது விளையாட்டுத் திடலும் இடுகாடும்தான். சர்ச்சுக்குப் பின்னால் சர்ச்சின் மானிய நிலம் இருக்கிறது. அதை முன்பே ஒரு விவசாயிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். குளிர்காலம் முழுக்க இதிலேயே போயிற்று. 2022 மார்ச்சில்தான், ஊரை ஒட்டிய தன் வயலின் ஒரு மூலையில் ஓர் ஏக்கரைக் குத்தகைக்குத் தரலாம் என்று ஒருவர் முன்வந்தார். அவரே கவுன்சில் உறுப்பினர்.

நம் ஊரில் இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அந்தப் பொருள் வந்ததும் அவர் எழுந்து, இது என் நிலம், எனக்கு இதில் பண ஆதாயம் இருக்கிறது என்று சொல்லிப் பதிவு செய்யச் சொன்னார். கோட்டை எடுத்துக்கொண்டு ஹாலை விட்டு வெளியே போனார். அன்றைக்கு நல்ல மழை. வராந்தாவில் அவர் நிற்பது கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. உள்ளே மற்ற ஆறு பேரும் அவர் கேட்ட குத்தகை அதிகமா, வேலி யார் செலவு, எத்தனை வருடத்துக்கு எழுதுவது என்று முக்கால் மணி நேரம் அலசினார்கள். ஒருவர், தொகை கூடுதல், குறைத்துக் கேட்போம் என்றே சொன்னார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டார்கள். ஆதாயம் உள்ள பொருளில் விவாதத்திலோ வாக்கெடுப்பிலோ கலந்துகொள்வது 2011ஆம் ஆண்டு லோக்கலிஸம் சட்டப்படி குற்றம் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. தண்டனைக்குப் பயந்துதான் போனார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் முகத்தில் சங்கடமே இல்லை. அவர் அப்பாவும் அந்தக் கவுன்சிலில் இருந்தவராம், அவரும் இப்படித்தான் எழுந்து போயிருப்பார். இதைப் போனில் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை.

எதிர்ப்பு ஜூன் கூட்டத்தில் வந்தது. வயலை ஒட்டிய வீட்டுக்காரர்கள் எட்டுப் பேர். கார் நிறுத்தம், குப்பை எரிக்கிற புகை, கொட்டகைகள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கார் விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான், அந்தச் சந்து குறுகல். வேலிக்குள்ளேயே ஆறு கார் நிற்க இடம் விடுவது, எரிப்பதைத் தடை செய்வது, கொட்டகை உயரத்துக்கு வரம்பு வைப்பது என்று முடிவாயிற்று. அதனால் பிரித்துக் கொடுக்கும் துண்டுகளில், அதாவது மனைகளில், இரண்டு குறைந்தன. கதவைச் சாத்திய அந்த வீட்டுக்காரர் அன்று ஆதரவாகவும் பேசவில்லை, எதிர்த்தும் பேசவில்லை.

பணம் ஜனவரியில்தான். பாரிஷ் கவுன்சிலின் வருமானத்துக்கு பிரிசெப்ட் என்று பெயர். வருடத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று இவர்கள் தீர்மானம் போட்டு அனுப்பினால், மாவட்ட கவுன்சில் அதைக் கவுன்சில் டாக்ஸோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்கும். உங்கள் பில்லில் கீழே சிறிய தொகையாகத் தனி வரியில் இருக்குமே, அதுதான். சாலை, மாவட்டத்துக்கும் மேலே உள்ள கவுன்டி கவுன்சிலின் பொறுப்பு, குப்பை மாவட்டத்தின் பொறுப்பு, வீடு கட்ட அனுமதியும் மாவட்டத்திடம், பாரிஷ் கருத்துச் சொல்லலாம், அவ்வளவே. ஆனால் அந்தச் சின்னத் தொகையை எங்கே செலவழிப்பது என்பது முழுக்க ஊர்க்காரர்கள் கையில். வேலிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சேர்த்து பட்ஜெட்டில் ஒதுக்கினார்கள். ஐந்து பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. நிலத்துக்காரர் அன்றும் வராந்தாவில்தான்.

2023 வசந்தத்தில் மனை அளந்தார்கள். இங்கே முழு மனைக்குப் பழைய கணக்கு பத்து ராட், ஏறக்குறைய 250 சதுர மீட்டர். நூற்று அறுபது ராட் சேர்ந்தால் ஓர் ஏக்கர். வரிசை நீளம் என்பதால் எல்லோருக்கும் பாதி மனைதான். நம் கணக்கில் மூன்று செண்ட். முதல் நாள் கடப்பாறையே இறங்கவில்லை, அப்படிக் களிமண். தஞ்சைப் பக்கத்துக் களிமண்ணைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பழகிய எதிரி. எருவும் இலைமக்கும் போட்டுப் போட்டு இரண்டு வருடத்தில் இளக்கிவிட்டேன். ஓடில்லாத நத்தைகள்தான் இன்னும் அடங்கவில்லை. மே நடுவரை உறைபனி விழும், அதனால் மிளகாயும் பூசணியும் ஜன்னல் ஓரத்தில் முளைத்து ஜூனில்தான் வெளியே போகும். வெந்தயக்கீரை பிரமாதமாக வருகிறது. சின்ன வெங்காயம் என் பெருமை. வருடத்தின் மிகக் குறுகிய பகலில் ஊன்றி மிக நீண்ட பகலில் எடு என்று எதிர்வீட்டுத் தாத்தா சொல்லிக்கொடுத்தார். கொட்டும் குளிரில் டிசம்பரில் ஊன்றினேன். ஜூன் கடைசியில் எடுத்து, அந்த வெங்காயத்தில் வைத்த சாம்பாரை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

குத்தகை எழுதும்போது ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். நிலம் கவுன்சிலின் சொந்தமாக இருந்து, அலாட்மென்டுக்கென்றே வாங்கியதாக இருந்தால், அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது. எங்களுடையது வாடகை நிலம், அந்தக் காப்பு எங்களுக்கு இல்லை. பதினைந்து வருடத்துக்கு எழுதியிருக்கிறோம். சொந்த நிலம் கிடைக்குமா என்று வருடம் ஒரு முறையாவது கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறேன். வேறு ஊரில் இருப்பவர்கள் முடிந்தால் முதலிலேயே அதைக் கேளுங்கள். மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் நடுவில் ஊர்ப் பொதுக்கூட்டம் ஒன்று நடக்கும். நம் கிராம சபைக்குப் பக்கத்தில் வரக்கூடியது அதுதான், வாக்காளர் யாரும் பேசலாம், வாக்களிக்கலாம். எங்கள் ஊரில் போன முறை வந்தவர்கள் பதினேழு பேர். அதில் பன்னிரண்டு பேர் மனைக்காரர்கள்.

கோடையில் ஒரே தொட்டியில் எல்லோரும் வாளியோடு நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது தொட்டி கேட்டு ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு, பத்து நாள் முன்னதாகவே கிளார்க்கிடம் கொடுத்திருக்கிறோம். நேற்று பஸ் ஏறும்போது பலகையில் பார்த்தேன். பொருள் எண் 9.