ரப்பர் குழாயும் இரண்டு கார்புரேட்டரும்

இன்று காலை ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை என் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் முன் கார்புரேட்டரின் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி) வாயருகே பிடித்தேன்.

உஸ்ஸ்ஸ்.

அப்புறம் பின் கார்புரேட்டர். அங்கே காற்றுச் சத்தம் கொஞ்சம் மெலிவு. திருகை லேசாகத் திருப்பி மறுபடி கேட்டேன். இரண்டும் ஒரே சுதியில் சேர்ந்தபோது, எஞ்சினின் நடுக்கம் அடங்கியது.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962இல் இங்கிலாந்தில் அறிமுகமான இரண்டு இருக்கை வண்டி. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து மூக்கு மொத்தமும் முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். எவ்வளவு அருமையான வடிவமைப்பு!

இதன் எஸ்யூ (SU) நிறுவனக் கார்புரேட்டரைக் கேட்டால் பதில் சொல்லும். அதற்குள் காற்றுவழியில் ஏறி இறங்கும் பிஸ்டனைத் துளி உயர்த்தினால் போதும். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் ஏறிப் பழையபடி ஓடினால் சரி.

ஆனால் வால்வு இடைவெளி, பிளக், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) மூன்றையும் முதலில் சரிசெய்யாமல் கார்புரேட்டரில் கை வைக்கவே கூடாது.

ஸ்பிட்ஃபயரின் சேஸி (அடிச்சட்டம்), டிரையம்ஃப் ஹெரால்டு காரின் சேஸியைக் குறுக்கிச் செய்தது. அதே ஹெரால்டுதான் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது.

அந்த வண்டிகளில் கை பழகிய பழைய மெக்கானிக்குகள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பேச ஆசை.