ஒரு கிலோ பருப்பும் ஒரு வயதுக் குழந்தையும்

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. உலை கொதிக்காத வீடு அபூர்வம். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட நம் குழந்தைகளில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் இந்த வீடுகளில் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். அது பொய்யில்லை. சோற்றோடு என்ன இருந்தது என்று நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ரேஷன் கணக்கிலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்னுரிமை கார்டுக்கு அரிசி தலைக்கு ஐந்து கிலோ. துவரம்பருப்பும் பாமாயிலும் அப்படியல்ல, வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் கார்டுக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர். நாலு பேர் வீட்டில் அந்த ஒரு கிலோவை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஆளுக்கு எட்டு கிராம். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 30 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்ட சமச்சீர் உணவுக் கணக்கு. மாதத்துக்கு 900 கிராம் பருப்பு, 750 கிராம் எண்ணெய். வீட்டுக்கே வருகிற பருப்பும் எண்ணெயும் ஏறக்குறைய அந்த ஒரு குழந்தைக்கே போய்விடும். முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்பு தீர்ந்ததும் வெளிக்கடையில் அதைப் போல பல மடங்கு கொடுக்க வேண்டும், அதனால் மாதக் கடைசியில் சாம்பார் ரசமாகிவிடும். கடைக்குச் சரக்கு தாமதமாக வந்தால் இன்னும் மோசம். 2024 மே மாதம் பல கடைகளில் பருப்பும் பாமாயிலும் வராமல், ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்க வேண்டியிருந்தது. கூலி வேலைக்காரருக்கு "ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க" என்றால் இன்னொரு அரை நாள் சம்பளம் போச்சு என்று அர்த்தம்.

அடுத்தது குழந்தையின் வயிறு. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி பிடிக்கும். ஏழரைக் கிலோ எடையுள்ள எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 225 மில்லிக்கு மேல் போகாது. 20 கிராம் அரிசியை 200 மில்லி தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சினால் கிடைப்பது 70 கலோரி. தாய்ப்பால் போக, ஆறு முதல் எட்டு மாதத்தில் நாளுக்குச் சுமார் 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300 கலோரியும், அதற்குப் பிறகு இரண்டு வயது வரை 550 கலோரியும் உணவிலிருந்து வர வேண்டும். இரண்டு வேளை கஞ்சியில் 140தான். வயிறு நிறைந்து தூங்கும் குழந்தை இப்படித்தான் மெலிகிறது.

அதே கஞ்சியில் 10 கிராம் பருப்பும் ஒரு டீஸ்பூன் எண்ணெயும் சேர்த்தால் ஒரு வேளை 145 கலோரியைத் தொடும். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். கெட்டியாக இருந்தால் சின்னக் குழந்தை விழுங்காது என்று எல்லோரும் தண்ணீர் ஊற்றுவார்கள். அங்கேதான் சத்து போகிறது. தண்ணீருக்குப் பதில் முளைகட்டிய கேழ்வரகு மாவைப் பயன்படுத்துங்கள். கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டி, முளை வந்ததும் வெயிலில் காயவைத்து அரைத்துக்கொள்ள வேண்டும். கடும் சூட்டில் வறுத்தால் மாவுச்சத்தை இளக்கும் நொதி செத்துவிடும். கஞ்சியை இறக்கி, கொதி அடங்கியபின் அரை டீஸ்பூன் மாவைக் கலந்து சில நிமிடம் கிண்டினால் தானாக இளகும். பிறகு ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுக்கலாம்.

அங்கன்வாடி சத்துமாவிலும் இந்த முளைகட்டிய கேழ்வரகு இருக்கிறது, வறுத்த கோதுமை, கடலைப்பருப்பு, வெல்லத்தோடு. ஒரு குழந்தைக்கு நாளுக்கு 500 கலோரி என்பது விதி. ஆனால் மூன்று குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பாக்கெட் கொழுக்கட்டையாகி எல்லோருக்கும் போகும், தலைக்கு 170 கூட வராது. இதைச் சில அதிகாரிகள் தாயின் அலட்சியம் என்று எழுதுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்க முடியாதது. பசித்து நிற்கிற அக்காவுக்குக் கொடுக்காமல் தம்பிக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாயால் முடியும்?

சுடுசோறும் வாரம் மூன்று முட்டையும் இரண்டு வயதுக்குப் பிறகுதான் அங்கன்வாடி மையத்தில் கிடைக்கும். 1982 சத்துணவும் அந்த வயதில் இருந்துதான் தொடங்கியது. 2022 காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு. எல்லாமே நல்ல திட்டங்கள். ஆனால் வளர்ச்சி அதிகம் தடைபடும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை அரசின் சுடுசோறு குழந்தையை எட்டுவதில்லை. காலை ஏழு மணிக்குச் சித்தாள் வேலைக்குக் கிளம்பும் தாய் மையம் திறக்கும் முன்பே போய்விடுகிறாள். பிள்ளை பாட்டியிடம், கையில் ஐந்து ரூபாய் பாக்கெட், கூடவே டீ. டீ இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம்.

சூளைக்கு வந்தவர்கள் நிலை தனி. திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைகளுக்கு ஒடிசா பலாங்கீரிலிருந்து குடும்பமாக வருகிறார்கள். எந்த மாநில ரேஷன் கார்டையும் வேறு மாநிலத்தில் பயன்படுத்தவிடும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்ததால் அரிசி வாங்கலாம். மாநிலம் தரும் பருப்பும் எண்ணெயும் அதில் வராது. ஆனால் அங்கன்வாடியில் சேர ரேஷன் கார்டு தேவையில்லை, எந்த ஊர்ப் பிள்ளையையும் சேர்க்கலாம். சூளையில் யாரும் அதைச் சொல்வதில்லை.

உள்ளூரிலும் புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர்கள் பெயர் மாமியார் கார்டிலேயே இருக்கும். பருப்பு ஊரில், பிள்ளை நகரத்தில். பெயரை நீக்கினால்தான் புதுக் கார்டு. முகவரிக்கு வாடகை ஒப்பந்தம், சிலிண்டர் புத்தகம் போன்ற ஏதாவது ஒரு சான்று வேண்டும், வீட்டுக்காரர் ஒப்பந்தம் போட மறுத்தால் சிலிண்டர் இணைப்பை முதலில் வாங்கிக்கொள்வது நல்லது.

குழந்தைகளின் ஊட்டத்தைப் பார்க்க வீடுவீடாகப் போகிறவர்களுக்கு: மாமியார் எதிரில் கேட்காதீர்கள். "நேத்து விடிஞ்சதிலிருந்து பிள்ளைக்கு என்னென்ன குடுத்தீங்கம்மா?" என்று நேரம் வாரியாகக் கேளுங்கள். தாய்ப்பால், தானியம், பருப்பு, பால், முட்டை, மீன்-இறைச்சி, மஞ்சள் காய்-பழம்-கீரை, மற்ற காய்-பழங்கள் என்ற எட்டு வகையில் குறைந்தது ஐந்து வர வேண்டும். பிறகு தாயிடம், "நீங்க கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" வீட்டில் முதலில் குறைவது முட்டையும் பாலும், அப்புறம் பருப்பு, அதற்குப் பிறகு தாயின் தட்டு. குழந்தையின் அளவு கடைசியில்தான் குறையும்.

மெலிவைக் கண்டறியும் கைச்சுற்றளவு நாடாவை ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இடது கையில், தோளுக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், கை தளர்ந்து தொங்கும்போது சுற்ற வேண்டும். இறுக்கினால் அளவு குறையும், சட்டைமேல் வைத்தால் கூடும். 12.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கவனம். 11.5க்குக் கீழே கடும் ஊட்டச்சத்துக் குறை. இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் மூன்று வினாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா பாருங்கள். நின்றால் அது நீர்வீக்கம், கைச்சுற்றளவு எதுவானாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.