அப்பாவின் மாத்திரை நேரம்

ஜூன் 3, 2025

அப்பா ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். நாளை மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். ராத்திரி அவர் பையைப் பிரித்து மாத்திரை அட்டைகளைப் பரப்பிப் பார்த்தேன். மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு அது கைப்பழக்கம். ஆஸ்பிரின், கொழுப்புக்கு ரோசுவாஸ்டாட்டின், மெட்டோபிரலால், பிரஷருக்கு டெல்மிசார்டான், அப்புறம் உடம்பில் தேங்குகிற நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை ஃபுரோசமைடு. டெல்மிசார்டான் கணக்குக்கு மேல் மிச்சம் இருந்தது. சீட்டில் காலை என்றுதான் இருக்கிறது. இவராகவே இரவுக்கு மாற்றிக்கொண்டாராம்.

"எஸ்டேட் கணக்குப்பிள்ளை சொன்னாரு கண்ணு. ராத்திரி போட்டாத்தான் நெஞ்சுக்குக் காவலாம்."

மலைக்குளிரில் ஏழரைக்கே கம்பளிக்குள் போய்விடுகிற மனிதர். ஒன்பது மணி மாத்திரையை யார் எழுப்பிக் கொடுப்பது?

ஜூன் 4

கணக்குப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. 2019-ல் ஸ்பெயினிலிருந்து ஹைஜியா என்ற ஆய்வு வந்தபோது எங்கள் கடையிலும் இதே பேச்சுதான். 19,084 பேரை வைத்து நடத்தியது. பிரஷர் மாத்திரையைப் படுக்கும்போது போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன என்றார்கள். ஒரே மாத்திரை, நேரத்தை மாற்றினால் மட்டும் இவ்வளவு பலனா? எனக்கு அப்போதே இடித்தது. ஆய்வு நடந்த விதத்தைப் பற்றி மருத்துவர்களும் கேள்வி எழுப்பினார்கள்.

பிறகு 2022-ல் பிரிட்டனின் டைம் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 21,104 பேர், ஐந்து வருடத்துக்கு மேல். மாலையில் போட்டவர்களில் 3.4 சதவீதம் பேருக்குப் பாதிப்பு, காலையில் போட்டவர்களில் 3.7. அதாவது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கனடாவில் நடந்த பெட்மெட் ஆய்வும் அதையேதான் சொல்கிறது. விடியற்காலையில் பிரஷர் ஏறுவதும், மாரடைப்பு காலை வேளையில் அதிகம் வருவதும் உண்மை; இரவு யோசனை அதிலிருந்து கிளம்பியதுதான். ஆனால் டெல்மிசார்டான் ஒரு வேளை போட்டால் நாள் முழுக்க நிற்கிற மாத்திரை.

இது வாட்ஸ்அப்பில் சுற்றாது. "எப்போது போட்டாலும் ஒன்றுதான்" என்ற செய்தியை யார் பார்வர்டு செய்வார்கள்?

ஜூன் 5

டாக்டர் அதிகம் பேசவில்லை. "எப்ப மறக்காம போடுவீங்க பெரியவரே?" என்று கேட்டார். "கடுங்காப்பி குடிச்சதும் டிபன். டிபன் முடிஞ்சதும் போட்ருவேனுங்க" என்றார் அப்பா. சரி, எல்லாமே அப்போதே என்று எழுதிவிட்டார். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழும் பயமும் கொஞ்சம் குறையும்.

கொழுப்பு மாத்திரையையுமா காலையில் என்று நான் கேட்டேன். சிம்வாஸ்டாட்டின் என்றால் ராத்திரிதான். சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஈரல் கொழுப்பை அதிகம் தயாரிப்பதும் இரவில்தான். ரோசுவாஸ்டாட்டின் உடம்பில் பாதியாகக் குறையவே 19 மணி நேரம் போல ஆகும். அதற்கு நேரம் காலம் பார்க்க வேண்டாம்.

ஜூன் 8

ஞாயிறு, அரை நாள் கடை. அம்மாபேட்டையில் ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வந்தார். அவருக்கு விடிவதே சாயங்காலம் மூன்று மணிக்கு. சீட்டில் 1-0-0, அதாவது காலையில் மட்டும் ஒன்று என்று இருக்கிறது, எந்தக் காலை என்கிறார். டாக்டரிடம் ஷிப்டைச் சொல்லிக் கேட்டு வரச் சொன்னேன். முதல் நாள் விட்டுப்போனதை மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடுகிறாராம். அதை மட்டும் உடனே நிறுத்தச் சொன்னேன்.

ஜூன் 10

நாளைக்கு அப்பா ஊருக்குக் கிளம்புகிறார். இன்றைக்குத்தான் நிஜமான சிக்கல் வெளியே வந்தது. பஸ் ஏறுகிற நாளில் நீர் மாத்திரையைத் தொடுவதே இல்லையாம்.

"இருபது கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவுல நிறுத்தச் சொல்றது?"

நியாயம்தான். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும், அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார விடாது. சேலத்திலிருந்து மலையேறவும் அந்த நேரம்தான் ஆகும். ஆனால் மாதத்தில் பாதி நாள் பேரன், கல்யாணம், பேங்க் என்று பஸ்ஸில் இருக்கிறவர். கால் ஏன் வீங்குகிறது என்று மூன்று மாதமாக உப்பைத் திட்டிக்கொண்டிருந்தோம்! பிரஷர் மாத்திரைக்குக் காலையா இரவா என்று மல்லுக்கட்டிய நேரத்தில் யாராவது இதைக் கேட்டிருக்கலாம்.

டாக்டருக்குப் போன் போட்டேன். பயண நாளில் வீடு போய்ச் சேர்ந்து மதியம் இரண்டு மணிக்குப் போடலாம், ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும், நாலு மணிக்கு மேல் மட்டும் வேண்டாம், தூக்கம் கெடும் என்றார். காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அப்பா இரண்டு முறை படித்தார்.

"அப்ப தோட்டத்துக்குப் போற நாளும் பயண நாள்தானே கண்ணு?"

"காப்பித் தோட்டத்துல மறைவுக்கா பஞ்சம்? காலையிலேயே போடுங்கப்பா."