கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு ஒரு லீவர் ரைஃபிள்

ஒஹையோ மாநிலத்தில் மான் வேட்டைக்கு ரைஃபிள் எடுத்துச் செல்ல விரும்புகிறவர், அதில் போடும் தோட்டாவின் கூடு, அதாவது மருந்தை அடைத்திருக்கும் உலோக உறை, அடி முதல் வாய் வரை நேராக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டுக்கு முன்பு இங்கே மான் வேட்டையில் ரைஃபிளுக்கே இடமில்லை. ஷாட்கன், கைத்துப்பாக்கி, வில், நம்மூர் நாட்டுத் துப்பாக்கியைப் போல வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஆகியவற்றுக்கே அனுமதி இருந்தது. மாநிலத்தின் பெரும்பகுதி சமவெளி; சோள வயலுக்கு அப்பால் வீடு, வீட்டுக்கு அப்பால் சாலை என்று அமைந்த நிலத்தில், கழுத்து குறுகிய கூட்டிலிருந்து சீறிக் கிளம்பும் வேகக்குண்டு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதே அந்தத் தடைக்கான காரணம். பின்னர் நேர்கூட்டுத் தோட்டா ரைஃபிள்களுக்கு வழி விட்டார்கள். அத்தகைய தோட்டாக்களில் பல ரிவால்வருக்காகப் பிறந்தவை.

கொலம்பஸ் நகரில் பதினான்கு ஆண்டுகளாக மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு இந்த விதியெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. கல்லூரியில் என்.சி.சி. முகாமில் படுத்தபடி .22 ரைஃபிளால் சுட்ட சில தோட்டாக்களும், தீவுத்திடல் பொருட்காட்சியில் பலூன்களைக் குறிவைத்த ஏர்கன்னுமே என் அனுபவம். உடன் வேலை செய்யும் நண்பர் தம் குடும்ப நிலத்துக்கு மான் வேட்டைக்கு அழைத்தபோது, ஒரு தடவைக்கு மட்டும் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். அவர் இரவல் தந்த பன்னிரண்டு கேஜ் ஷாட்கன்னில் ஸ்லக் என்னும் பெரிய ஒற்றைக் குண்டைப் போட்டு ஐந்து முறை சுட்டுப் பார்த்ததில் தோள்பட்டை மூன்று நாள் நீலமாக இருந்தது. வேறு ஏதாவது வேண்டும் என்ற தேடல் அங்கிருந்துதான் தொடங்கியது.

தேடலுக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மவர்கள் பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, எச்-1பி போன்ற குடியேற்றம் சாரா விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகளே உண்டு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் கையில் பிடிப்பதும் இதில் அடங்கும் என்பதால், வார இறுதியில் குழுவாகக் கிளம்பிப் போகும் நண்பர்களுக்கு இதை நான் ஒவ்வொரு முறையும் நினைவூட்டி, கேலியையும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. என் கையில் கிரீன் கார்டு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து, உரிமமும் பெற்ற பிறகே கடைப் பக்கம் போனேன்.

ரைஃபிளைப் பார்ப்பதற்கு முன் தோட்டாவை முடிவு செய் என்று வகுப்பில் கற்றுத்தந்த முதியவர் சொல்லியிருந்தார். நான் அதற்கு நேர்மாறாக, கடைச் சுவரில் மின்னிய பித்தளை உடலைப் பார்த்து மயங்கி, இரண்டு மாதத்தை வீணாக்கினேன். அதைப் பிறகு சொல்கிறேன். ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா என்ற ஏற்பாடு புகழ்பெற்றது வின்செஸ்டரின் 1873 மாடலால். விசையருகே உள்ள லீவர் என்னும் நெம்புகோலைக் கீழே இறக்கி மடக்கி அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிள் அது; அதன் .44-40 தோட்டாவுக்கே 1878இல் கோல்ட் நிறுவனமும் தன் ரிவால்வரைச் செய்து தந்தது. இடுப்பில் ஒரு வார் தோட்டா இருந்தால் இரண்டுக்கும் போதும். வேடிக்கை என்னவென்றால், அந்த .44-40 கூட்டின் கழுத்து சற்றே குறுகியது. ஆகவே ஒஹையோவின் நேர்கூட்டு விதிக்குள் அது அடங்காது. அந்த ஆசையை முதலிலேயே விட்டேன்.

மிஞ்சியவை மூன்று. .45 கோல்ட் 1873இலிருந்து இருக்கும் தோட்டா என்றாலும், அந்தக் காலக் கூடுகளின் அடி விளிம்பு மிகச் சிறியதாக இருந்ததால் ரைஃபிளின் கொக்கி அதைப் பற்றி இழுப்பது கடினம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு லீவர் ரைஃபிளே செய்யப்படவில்லை. இன்றைய கூடுகளில் அந்தக் குறை இல்லை. ஆனால் என் ஊர்க் கடைகளில் அது எப்போதும் கிடைப்பதில்லை. 1955இல் வந்த .44 மேக்னம் மானுக்கு மிக நம்பகமானது; அதைச் சுட்டுப் பார்த்தபோது ஸ்லக் அளவுக்கு இல்லாவிட்டாலும் இலேசான ரைஃபிளில் நன்றாகவே உதைத்தது. இருபதாவது தோட்டாவில் விசையை இழுக்கும் முன்பே என் கண் தானாக மூடத் தொடங்கியதைப் பயிற்றுநர் கவனித்துச் சொன்னார்.

மூன்றாவது, 1935இல் வந்த .357 மேக்னம். கைத்துப்பாக்கித் தோட்டா ரைஃபிளுக்குப் போனால் என்ன ஆதாயம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. 158 கிரெயின் எடையுள்ள குண்டு நான்கு அங்குல ரிவால்வர் குழலிலிருந்து வினாடிக்குச் சுமார் 1,250 அடி வேகத்தில் கிளம்பும். பதினெட்டு அங்குலக் குழலில் மருந்து எரிந்து முடிக்க இடமும் நேரமும் கிடைப்பதால் அதே குண்டு 1,800 அடியை நெருங்குகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஆற்றல் கூடும் என்று பள்ளியில் படித்த கணக்கைப் போட்டால், ஆற்றல் ஏறத்தாழ இருமடங்கு. நூறு கஜத்துக்குள், குண்டைச் சரியாகத் தேர்ந்து, பொறுமையாகக் குறிவைத்தால் மானுக்கு இது போதும் என்று நண்பர் குடும்பத்தார் சொன்னார்கள். அவர்கள் நிலத்தில் நூறு கஜத்துக்கு மேல் பார்க்க மரங்கள் விடுவதும் இல்லை.

என்னை முழுதாக வென்றது அதன் தம்பியல்ல, அண்ணன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த .38 ஸ்பெஷல் தோட்டா, பெயரில் 38 என்று இருந்தாலும், குண்டின் விட்டத்தில் 0.357 அங்குலம்தான், மேக்னத்தின் கூடு அதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீளம், அளவில் அவ்வளவே வேறுபாடு. எனவே .357 ரைஃபிளில் .38 ஸ்பெஷலையும் சுடலாம். மறுதலையாக, .38க்கு மட்டும் செய்த துப்பாக்கியில் மேக்னம் நுழையக் கூடாது என்பதற்காகவே அந்தக் கூடுதல் நீளம் வைக்கப்பட்டது. .38 ஸ்பெஷல் விலை குறைவு. நீண்ட குழலில் அதன் ஓசை பொத்தென்று அடங்கிவிடுகிறது. உதைப்பு ஏர்கன்னை நினைவூட்டுகிறது. என் வீட்டுக்கு அருகில் உள்ள உள்ளரங்கச் சுடுதளம் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மட்டுமே அனுமதிக்கிறது என்பதால், பனிக்காலம் முழுதும் பழக வேறு வழியும் இல்லை. துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கும் என் மனைவி, கண்ணாடியும் காதுக்காப்பும் மாட்டிக்கொண்டு பத்துத் தோட்டா சுட்டுவிட்டு, இன்னும் ஒரு பெட்டி இருக்கிறதா என்று கேட்டார்.

இனி அந்தப் பித்தளை. ஹென்றி நிறுவனத்தின் பிக் பாய் ரைஃபிளின் உடல் குத்துவிளக்கைப் போல மின்னும். எண்கோணக் குழலும் வால்நட் கட்டையும் சேர்ந்தால் கண்ணை எடுக்க முடியாது. 1860இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி வடிவமைத்த ரைஃபிளின் பெயரைத் தாங்கினாலும் இன்றைய நிறுவனம் 1996இல் தொடங்கப்பட்ட வேறொன்று. நான் அதை முன்பணம் கொடுத்து ஒதுக்கி வைக்கும் நிலைக்குப் போய்விட்டேன். ஆனால் எடை ஏறத்தாழ நான்கு கிலோ. கடையில் அரை நிமிடம் தோளில் வைப்பதும், உழுத நிலத்தில் இரண்டு மணி நேரம் தூக்கி நடப்பதும் ஒன்றல்ல என்று நண்பர் சொல்லி, தம்முடைய ரைஃபிளைக் கொடுத்து நடக்கவிட்ட பிறகே தெளிந்தேன்.

மறுகோடியில் இருந்தவை, ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1892 மாடலின் வாரிசுகள். பிரேசிலின் ரோஸி நிறுவனமும், வின்செஸ்டர் பெயரில் ஜப்பானின் மிரோகுவும் அவ்வடிவத்தைச் செய்கின்றன. பதினாறு அங்குலக் குழலுள்ள ரோஸி இரண்டேகால் கிலோ அளவில், கைக்குழந்தையைப் போல ஏந்த இதமாக இருந்தது. அதன் கூடு மேல்நோக்கித் துள்ளி விழுவதால் தொலைநோக்கி பொருத்த வேண்டுமென்றால் குழலின் மேல் முன்னே தள்ளித்தான் வைக்க முடியும். இதே 1892 வடிவத்தில் வேறொருவர் வைத்திருந்த பழைய ரைஃபிளில், கூட்டின் வாயோடு மட்டமாக முடிந்துவிடும் வாட்கட்டர் குண்டு போட்ட .38 தோட்டாவை நான் ஏற்றப் போய் அது பாதி வழியில் குறுக்கே நின்று, லீவர் முன்னும் போகாமல் பின்னும் வராமல் ஆகிவிட்டது. எந்த .38 ஆனாலும் ஓடும் என்று அந்தத் தோட்டாவை விற்ற கடைக்காரர் உறுதியாகச் சொல்லியிருந்தார். லீவர் ரைஃபிள் தோட்டாவின் மொத்த நீளத்தையும் மூக்கின் வடிவத்தையும் பார்த்தே இயங்கும் பொறி என்பதை ஒரு மாலை முழுதும் திருகாணி கழற்றிக் கற்றுக்கொண்டேன். கூர்மூக்குக் குண்டு இன்னும் மோசம்: குழலுக்கு அடியில் உள்ள குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், பின்னதின் கூர்முனை முன்னதின் அடியில் உள்ள, அடித்தால் தீப்பற்றும் பிரைமரில் அழுந்தி உள்ளேயே வெடிக்கக்கூடும். தட்டை மூக்கு அழகுக்காக அல்ல.

மார்லின் 1894ஐயும் விரும்பிப் பார்த்தேன். மேல்புறம் மூடிய தட்டையான உடல், கூடு பக்கவாட்டில் வெளியேறுவது, தொலைநோக்கிக்கு வசதி என்று எனக்கு வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன. அந்த நிறுவனம் ரெமிங்டன் கைக்குப் போய், ரெமிங்டன் நொடித்த பிறகு 2020இல் ரூகர் வாங்கிய கதையால், பழையது வாங்குவோர் குழலில் ஜே.எம். என்ற முத்திரையைத் தேடுகிறார்கள். அது நிறுவனர் ஜான் மார்லின் பெயரின் முதலெழுத்து, கனெக்டிகட் காலத்தின் அடையாளம். நான் பார்த்த முத்திரையிட்ட ஒன்றின் விலை புதியதைவிட அதிகம். புதியது .357இல் எங்கள் ஊரில் அப்போது இருப்பில் இல்லை.

இறுதியில் முடிவைத் தந்தது என் ஒன்பது வயது மகன்; சிறுவன் உள்ள வீட்டில் ரைஃபிளை எளிதாகவும் முழுதாகவும் வெறுமையாக்க முடிய வேண்டும். பக்கவாட்டு வாயில் வழியே மட்டும் தோட்டா ஏற்றும் ரைஃபிளை வெறுமையாக்க, ஒவ்வொரு தோட்டாவாகக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஏற்றி லீவரால் வெளியே தள்ள வேண்டும். .22 ரைஃபிளைப் போல முன்னாலிருந்து மேகசினின் உள்குழாயை உருவிக் கவிழ்த்தால் அனைத்தும் ஒரே தடவையில் கையில் விழும். ஹென்றியின் எஃகு உடல் பிக் பாய் ரைஃபிளில், பிற்காலத்தில் வந்த சைட் கேட் வகைக்கு இரண்டு வழியும் உண்டு. எடை மூன்று கிலோவைச் சற்றே தாண்டும். பளபளப்பு இல்லை. வாங்கினேன், வரியோடு ஆயிரம் டாலரைத் தாண்டியது.

துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவம் 4473 நிரப்பும் இடத்தில் என் தமிழ்ப் பெயர் மாட்டிக்கொண்டது. முதலெழுத்து மட்டும் உள்ள பெயராயின் அதற்குப் பக்கத்தில் ‘ஐ.ஓ.’ என்றும், நடுப்பெயர் இல்லையேல் ‘என்.எம்.என்.’ என்றும் குறிக்க வேண்டும் என்று படிவத்திலேயே உள்ளது. தந்தை பெயரின் ஓரெழுத்தைத் தூக்கிச் சுமக்கும் நமக்காகவே எழுதியதோ என்று தோன்றியது. ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி அப்படியே எழுத வேண்டும். கிரீன் கார்டின் ஏ எண்ணும் கட்டாயம். எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை உடனே ‘தொடரலாம்’ என்று வராமல் ‘தாமதம்’ என்று வந்தது. மூன்று வேலைநாள் கழிந்தும் விடை வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் கொடுக்கலாம் என்பது சட்டம். எனக்கு இரண்டாம் நாளே விடை வந்துவிட்டது.

கடையிலிருந்து ரைஃபிளோடு வந்த, குறிபார்க்கும் பள்ளம் என் வெள்ளெழுத்துக் கண்ணுக்கு மங்கலாகவே தெரிந்தது. பின்னால் சிறு துளை உள்ள பீப் சைட்டை மாட்டிய பிறகு, ஐம்பது கஜத்தில் ஐந்து தோட்டாவும் ஒரு இட்லியின் அகலத்துக்குள் விழுந்தன. .38 அதிகம் சுட்ட நாளில் அறையின் முன்பகுதியில் கரி வளையம் படிகிறது; அதைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுக்காவிட்டால் அடுத்து வரும் மேக்னம் தோட்டா இறுகும் என்பதால், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுகிறேன். மேகசினில் பத்துத் தோட்டா பிடித்தாலும், மான் பருவத்தில் அறையும் மேகசினும் சேர்த்து மூன்றுக்கு மேல் ஏற்ற விதி இடம் தராது. நவம்பர் கடைசியில் ஆரஞ்சுச் சட்டையோடு ஓர் ஓக் மரத்தடியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்றும் திரும்ப வீட்டுக்கு வந்தன. உள்குழாயை உருவிக் கவிழ்த்ததும் ஒரே நொடியில் உள்ளங்கையில் விழுந்தன.